பிள்ளை வேணுமென்று செய்யவில்லை

ஹந்தானையில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் உம்மா வாப்பாமாருக்கு இது.

போன தவணை இரண்டாம் தரத்து மகன் ஒருவன் அடிக்கடி காற்சட்டையை அழுக்காக்கிக்கொண்டான். (உம்மாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம், யாரென்று கேட்க வேண்டாம்.) பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். நாங்கள் என்ன செய்தோம்? "வெட்கமில்லையா" என்று ஏசினோம். பின் வாங்குக்கு மாற்றினோம். வீட்டில் உம்மா வயிற்றோட்டம் என்று நினைத்து ஜீவனி கரைத்துக் கொடுத்திருக்கிறார்.

பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்குப் போன பிறகுதான் அது கடும் மலச்சிக்கல் என்று தெரிந்தது. மலம் கல்லுப்போல் இறுகிக் கிடக்க, மேலிருந்து வரும் தண்ணிப்பதமான மலம் அதன் ஓரத்தால் கசியும். குடல் விரிந்துபோவதால் வருகிற உணர்வும் பிள்ளைக்குக் குறைந்துவிடும். ஏசி என்ன பலன்?

கிழமைக்கு இரண்டு தரமோ அதற்கும் குறைவாகவோ போவது, போகும்போது அழுவது, டொய்லட் அடைபடும் அளவுக்குப் பெரிதாகப் போவது, எல்லாம் அடையாளம்தான். காலைப் பின்னிக்கொண்டு மூலையில் ஒளிந்து நிற்கும் பிள்ளை முக்குகிறது என்று நினைப்போம். உண்மையில் அடக்குகிறது. ஒருமுறை நொந்த பயம். வயிறு ஊதி வாந்தி எடுத்தால், மெலிந்துகொண்டு போனால், பிறந்ததிலிருந்தே இப்படியென்றால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

பப்பாசி, கீரை, தண்ணீர் எல்லாம் நல்லதுதான். ஆனால் இறுகிப்போனதை அவை மட்டும் இளக்காது. மருந்து மாதக்கணக்கில் தேவைப்படலாம். ஒரு கிழமையில் சுகம் என்று நாமாக நிறுத்தினால் திரும்ப வரும்.

களனிப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது ஷாமன் ராஜிந்திரஜித், நிரங்கா தேவநாராயண ஆகியோர் இலங்கைப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகள், பாடசாலையிலும் வீட்டிலும் வரும் மன அழுத்தத்துக்கும் மலச்சிக்கலுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டின. எங்களுக்கு அது சுட்டது. அடக்கிக்கொண்டு தொழக்கூடாது என்று படித்துக்கொடுப்பவர்களும் நாங்கள்தான், "இன்டர்வல் மட்டும் பொறு" என்பவர்களும் நாங்கள்தான்.

அந்த மகன் ஏன் அடக்கினான் தெரியுமா? டொய்லட் கதவுக்குக் கொண்டி இல்லை, பெரிய பிள்ளைகள் தள்ளித் திறப்பார்களாம். இப்போது வகுப்பில் யாரும் கேட்காமலே எழுந்து போகலாம். கொண்டிதான் இன்னும் போடவில்லை. தச்சு வேலை தெரிந்த வாப்பாமார் யாராவது வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அரை மணித்தியாலம் வர முடியுமா?