ஏர்வாடிப் பயணமும் ஹைகிரவுண்டு பேருந்தும்

ஏர்வாடி என்றதும் எங்கள் மேலப்பாளையத்தில் "எந்த ஏர்வாடி?" என்றுதான் கேட்பார்கள். நெல்லைச் சீமையில் ஓர் ஏர்வாடி உண்டு. அங்கே சம்பந்தம் பேசப் போவோம். மற்றொன்று இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரத்தில் உள்ள தர்கா ஏர்வாடி. ஒரு வீட்டில் குரலைத் தாழ்த்தி, "ஏர்வாடிக்குக் கூட்டிப் போகிறோம்" என்று சொன்னால் அது இரண்டாவது ஏர்வாடிதான். ஏன், எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். "துஆச் செய்கிறோம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

சென்ற ரஜப் மாதத்தில் என் பெரியம்மா மகள் ராத்தா அப்படிக் குரலைத் தாழ்த்தித்தான் என்னிடம் சொன்னார். அவருடைய மகனுக்கு இருபத்திரண்டு வயது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒரு செல்போன் கடையில் பழுது பார்க்கும் வேலையில் இருந்தான். நான்கு மாதங்களாக உறக்கமில்லை. கடை முதலாளி தன்னைக் கேமரா வைத்துக் கண்காணிப்பதாகச் சொல்லி வேலைக்குப் போவதை நிறுத்தினான். பிறகு, பக்கத்து வீட்டார் இரவு முழுவதும் தன்னைப் பற்றிப் பேசுவது காதில் விழுவதாகச் சொன்னான். மச்சான் தம்மாமில் இருக்கிறார். மகளுக்கு ஒரு நல்ல இடத்திலிருந்து சம்பந்தம் வந்திருக்கிறது. ராத்தாவின் நிலைமையை இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

நானும் என் தம்பியும் துணைக்குப் போனோம். விருப்பத்தோடு போனேன் என்று சொல்ல முடியாது. எங்கள் மாமா ஒருவரை 1988 ஆம் ஆண்டு இதே ஏர்வாடியில் ஓர் ஓலைக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். உம்மாவின் இளைய தம்பி அவர். மாதப் பணம் கட்டினால் பார்த்துக்கொள்வோம் என்றார்கள், கட்டினோம். பதினொரு மாதம் கழித்து அழைத்து வந்தபோது அவருடைய வலது கணுக்காலைச் சுற்றி வளையம்போல் ஒரு கரும்புண். எங்கள் நன்னி தம் கடைசிக் காலம்வரை ஒவ்வொரு இரவும் அந்தக் காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார். மாமா ஒருநாளும் அந்தக் கொட்டகையைப் பற்றிப் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

தூத்துக்குடியில் பேருந்து மாறி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேம்பார், சாயல்குடி வழியாகப் போனோம். ஒருபுறம் உப்பளமும் பனையும், மறுபுறம் கண்ணுக்கெட்டியவரை சீமைக் கருவேல முள். மன்னார் வளைகுடாக் கடல் அவ்வப்போது நீலக்கோடாகத் தெரிந்து மறையும். ராத்தாவின் மகன் சன்னலோரம் அமர்ந்து, பின்னால் வந்த ஒவ்வொரு வண்டியையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். வீட்டிலிருந்து ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீட்டர். இந்தத் தூரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதீனாவிலிருந்து வந்ததாகக் கூறப்படும் சுல்தான் செய்யிது இப்ராஹீம் ஷஹீது வலியுல்லாஹ் அவர்கள் அடங்கியிருக்கும் இடம் அது. துல்கஅதா மாதத்துச் சந்தனக்கூடு விழாவுக்கு எல்லாச் சமயத்தாரும் திரண்டு வருவார்கள். நாங்கள் போனது கூட்டமில்லாத நாள். தர்காக்களில் நேர்ச்சை செய்வது பற்றி நம் சமுதாயத்தில் இரு கருத்துகள் உண்டு. அந்த விவாதத்தை இங்கே நான் தொடப்போவதில்லை. நான் கண்டது, முற்றத்தின் நிழலில் மடியில் தலை வைத்துப் படுத்திருந்த மகள்களையும், அவர்களுக்கு விசிறிக்கொண்டிருந்த தாய்மார்களையும்தான். பொட்டு வைத்தவர்களும் இருந்தார்கள், முக்காடிட்டவர்களும் இருந்தார்கள். கனவில் உத்தரவு கிடைத்தால்தான் ஊர் திரும்பலாம் என்று வாரக்கணக்கில், மாதக்கணக்கில் காத்திருப்போர் இங்கே எப்போதும் உண்டு.

2001 ஆம் ஆண்டு ஆகஸ்டு 6 ஆம் நாள் அதிகாலையில் இவ்வூரின் தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். ஒரு வாரத்துக்குள் அத்தகைய காப்பகங்கள் அனைத்தையும் அரசு மூடியது. அங்கிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டோரை அரசே பொறுப்பேற்றது. செய்தி வந்த அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. மாமா அப்போது வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, தம் கணுக்காலைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் பத்திரிகை படிப்பதில்லை. யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

அந்த இடம் எது என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. தேடிப் போகும் துணிவு இல்லை.

உச்ச நீதிமன்றம் அந்தச் செய்தியைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. மனநோயாளரைச் சங்கிலியிடுவது சட்டவிரோதம், அவர்களைக் கோயிலுக்கோ தர்காவுக்கோ அல்ல, மருத்துவரிடமே அனுப்ப வேண்டும் என்பதை மக்களுக்கு எடுத்துச் சொல்லுமாறு 2002 இல் அரசுகளுக்கு உத்தரவிட்டது. சரியான உத்தரவுதான். ஆனால் உத்தரவைப் படித்துவிட்டா ஒரு தாய் பேருந்து ஏறுகிறாள்? மக்கள் வருவது நிற்கவில்லை. வருகிறவர்களைத் தடுப்பதைவிட, அவர்கள் வந்து சேரும் இடத்தில் மருத்துவரை அமர்த்துவது மேல் என்ற எண்ணம் பின்னர்தான் பிறந்தது. குஜராத்தில் மெஹ்சானா மாவட்டத்து உனாவா என்னும் ஊரில் மீரா தாத்தார் தர்காவில் 2008 இல் அப்படி ஒரு பணி தொடங்கப்பட்டது. அதற்கு 'தவா–துஆ' என்று பெயர். தவா என்றால் உருதுவில் மருந்து. அதே பெயரில், அதே வழியில் தமிழ்நாட்டரசு ஏர்வாடியிலும் தொடங்கியது.

இதையெல்லாம் நான் அறிந்திருந்தேன். ராத்தா அறியார். அவர் தேடி வந்தது துஆவை மட்டுமே. ஆகவே முதலில் ஒரு முதிய ஹக்தாரிடம் போனோம். அவர் பிள்ளையின் தலையில் கைவைத்து ஓதினார். ராத்தா நீட்டிய பணத்தை வாங்கிக்கொள்ளாமல், "பிள்ளைக்கு எத்தனை நாளாக உறக்கமில்லை?" என்று கேட்டார். நான்கு மாதம் என்றதும், "அந்தப் பக்கம் டாக்டரம்மா இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு வாருங்கள், உம்மா. துஆ எங்கேயும் போய்விடாது" என்றார். நான் மூன்று நாளாகச் சொல்லியும் அசையாத ராத்தா, அந்த ஒரு சொல்லுக்கு எழுந்தார்.

மருத்துவர் இளம்பெண். எங்களில் யாரையும் பாராமல் பிள்ளையைப் பார்த்து, "உங்களுக்கு என்ன தொந்தரவு, தம்பி?" என்று கேட்டார். நான்கு மாதங்களாக அவனைப் பற்றி எல்லோரும் பேசியிருந்தோம். அவனிடம் கேட்டவர் யாருமில்லை என்பது அந்த அறையில்தான் எனக்கு உறைத்தது. அவன் வெகுநேரம் பேசினான். குரல்கள் என்ன சொல்கின்றன என்பதையும் சொன்னான். ராத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இது நோய்தான், யாருடைய வளர்ப்பின் குற்றமுமல்ல, தொடக்கத்திலேயே மருந்து தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும் என்றார் மருத்துவர். உறக்கம் சில நாளில் வரும். குரல்கள் அடங்க வாரங்கள் ஆகலாம். குணமானதாகத் தோன்றியதும் நாமாக மாத்திரையை நிறுத்துவதுதான் பெரும்பாலும் நோய் திரும்பக் காரணம் என்றும் எச்சரித்தார். நான் நோன்பைப் பற்றிக் கேட்டேன். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது என்பதை அவரே நினைவூட்டினார். இரவு ஒருவேளை மட்டும் விழுங்கும் மாத்திரை என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. ஆனால் லித்தியம் போன்ற மருந்து உட்கொள்வோர் உடலில் நீர் வற்றினால் ஆபத்து, மருத்துவரைக் கேளாமல் நோன்பு வைக்கக் கூடாது என்றார். ரமளானுக்கு முன் நம் வீடுகளில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வோர் எத்தனை பேர்?

பிறகு அவர் கேட்ட கேள்விதான் எங்களைத் தலைகுனிய வைத்தது. "மேலப்பாளையத்திலிருந்து திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எவ்வளவு தூரம்?"

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு. டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரை இலவசம். அதைக் கடந்துதான் நாங்கள் நூற்றைம்பது கிலோமீட்டர் வந்திருந்தோம். "ஹைகிரவுண்டில் நம் தெருக்காரர் யாராவது பார்த்துவிட்டால்...?" என்று ராத்தா முணுமுணுத்தார். தர்காவுக்குப் போனால் ஜியாரத். மனநலப் பிரிவு வரிசையில் நின்றால் பைத்தியக்காரன் வீடு. மகளின் சம்பந்தம் என்னாவது? அவருடைய கணக்கு அதுதான். நான்கூட அந்தக் கணக்கைத் தவறென்று சொல்லத் துணியவில்லை. 1988 இல் எங்கள் நன்னா போட்டதும் இதே கணக்குத்தான்.

மருத்துவர் திருநெல்வேலிக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார். மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருப்பதையும் சொன்னார். 1996 இல் நாட்டிலேயே முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் நம் திருச்சியும் ஒன்று. மனநல மருத்துவரும் அவருடைய குழுவும் மாவட்டத் தலைநகரில் மட்டும் இராமல், தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறித்த நாளில் வருவார்கள். எந்த நாள் என்று அரசு மருத்துவமனையில் கேட்டால் சொல்வார்கள்.

அஸர் தொழுதுவிட்டு மறுபடியும் அந்த முதியவரிடம் போனோம். கடிதத்தை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ஊரிலேயே மருந்து வாங்குங்கள். பிள்ளையை இங்கே விட்டுவிட்டுப் போகாதீர்கள்" என்றார். நோய்க்கு மருந்து தேடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததைத்தான் அவர் தம் வழியில் சொன்னார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பிய ஒன்பதாம் நாள் இரவு ஒரு மணிக்கு ராத்தா வீட்டிலிருந்து அழைப்பு. மாத்திரையில் விஷம் கலந்திருப்பதாகச் சொல்லிப் பிள்ளை மொட்டை மாடிக்குப் போய்விட்டான். நாங்கள் போனபோது தெருவே கூடி நின்றது. கயிறு கொண்டுவரச் சொல்லி ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். தம்பி 14416 என்ற எண்ணை அழைத்தான். மனநல உதவிக்காக மத்திய அரசு 2022 அக்டோபர் 10 ஆம் நாள் தொடங்கிய எண் அது. கட்டணமில்லை, எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம். மறுமுனையில் பேசிய பெண் பதறவில்லை. கூட்டத்தைக் கலையுங்கள், அவர் நம்பும் ஒருவர் மட்டும் தாழ்ந்த குரலில் பேசட்டும், வாதாட வேண்டாம், குரல் கேட்பது பொய் என்று சொல்ல வேண்டாம், பயமாக இருக்கிறதா என்று கேளுங்கள், அடங்காவிட்டால் 108 ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள் என்றார். கூட்டத்தைக் கலைப்பதுதான் கடினமாக இருந்தது. எங்கள் பள்ளிவாசல் மோதினார் வந்து, ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து அனுப்பிவைத்தார். கயிறு கேட்டவரிடம் மட்டும், "கட்டிப்போட்டால் சட்டம் உம்மைக் கட்டும்" என்றார். 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எவ்வகையிலும் தடைசெய்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது எனக்கு வியப்பு.

தம்பி மாடிப்படியில் அமர்ந்து முக்கால் மணி நேரம் பேசினான். பாங்கு சொல்வதற்கு முன் பிள்ளை இறங்கி வந்தான். விடிந்ததும் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஹைகிரவுண்டு பேருந்தில் ஏறினோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் எங்கள் தெருக்காரப் பெண் ஒருவர் நின்றிருந்தார். இரண்டாண்டாக வருகிறாராம். ராத்தாவைப் பார்த்ததும் அவரும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்; பிறகு நகர்ந்து இடம் கொடுத்தார்.

இப்போது உறங்குகிறான். குரல்கள் முழுவதும் போகவில்லை, தூரத்தில் கேட்பதாகச் சொல்கிறான். வாரத்தில் மூன்று நாள் கடைக்குப் போகிறான். மாத்திரை வாங்க வேண்டிய தேதியை ராத்தா சமையலறை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறார். அதற்கு நான்கு நாள் கழித்து மகளின் நிச்சயதார்த்தத் தேதியும் வட்டமிடப்பட்டிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிட்டாரா என்று நான் இன்னும் கேட்கவில்லை.