கராத்தே வகுப்பில் ஒரு மாலை

பிள்ளையைக் கராத்தே வகுப்புக்கு அனுப்பலாமா என்று தாய்மார் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. மார்க்கத் தீர்ப்பை எதிர்பார்த்தே அவர்கள் கேட்கிறார்கள். ஒரு தகப்பனாகக் கண்டதையும் சேர்த்துச் சொல்வது பயனுள்ளதென நினைக்கிறேன்.

எனது இளைய மகனுக்கு ஏழு வயது. சாதுவான பிள்ளை. வகுப்பில் ஒருவன் இவனுடைய பென்சில், அழிறப்பர் எல்லாவற்றையும் பறித்துக் கொள்வான். இவன் வாய் திறப்பதில்லை. வீட்டுக்கு வந்தும் சொல்வதில்லை. புத்தகப் பையைத் துழாவித்தான் தாய் கண்டுபிடிப்பாள்.

கராத்தே வகுப்பொன்றில் விட்டுப் பார்ப்போமா என்றதும் மனைவி தயங்கினாள். "அடிக்கப் பழக்கினா, நாளைக்குத் தங்கச்சிக்கும் அடிப்பானே" என்றாள். நியாயமான கவலைதான்.

கராத்தே என்பதற்கு வெறுங்கை என்று பொருள். ஒகினாவா தீவில் வளர்ந்த இக்கலையை 1922இல் டோக்கியோவில் செய்து காட்டியவர் கிச்சின் ஃபுனகோஷி என்ற பாடசாலை ஆசிரியர். நாமாக முதலில் தாக்கக் கூடாது என்பது அவர் வகுத்த நெறிகளுள் ஒன்று. 'கட்டா' எனப்படும் பயிற்சித் தொடர்கள் பலவும் தடுப்பிலேயே தொடங்குகின்றன. தற்காப்புக் கலை எமக்குப் புதியதும் அல்ல. கிழக்கிலே எமது மூத்தவர்கள் சிலம்படியும் சீனடியும் பழகியவர்கள்தானே!

பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் பார்க்க அனுமதி கேட்டேன். மாஸ்டர் சம்மதித்தார். குனிந்து வணங்கும் வழக்கத்தைப் பற்றியும் கேட்டேன். அல்லாஹ்வுக்கன்றி வேறெவருக்கும் ருகூஃ செய்வது போல் குனிவது எமக்கு ஆகாது என்று விளக்கினேன். "நெஞ்சில் கை வைத்து மரியாதை செய்தால் போதும்" என்றார். கேட்காமலே பிள்ளையை விலக்கிக் கொள்ளும் பெற்றோருக்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஓட்டம், உடலை வளைத்து நீட்டும் பயிற்சி, நேராக நிற்பது, சொன்னதும் அசையாமல் நிற்பது, இவ்வளவுதான். பிறகு 'இச்சி, நி, சான்' என்று ஜப்பானிய மொழியில் எண்ணியபடி காற்றிலே குத்தினார்கள். பத்தாவது குத்தில் எல்லாரும் உரத்துச் சத்தமிட வேண்டும். அதற்குக் 'கியாய்' என்று பெயர்.

மற்றப் பிள்ளைகளின் சத்தத்தில் மண்டபம் அதிர்ந்தது. என் மகனின் உதடு மட்டும் அசையவில்லை. மாஸ்டர் ஏசவில்லை. அவன் முன் முழந்தாளிட்டு, "எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொல்லு" என்றார். மூன்றாம் முறை மெல்லியதாய் ஒரு சத்தம் வந்தது. சுவரோரம் நின்றிருந்த எனக்கு அது கேட்டது. கண்கள் கலங்கிவிட்டன.

வீரம் பிறரை வீழ்த்துவதில் அல்ல, கோபத்தை அடக்குவதில் இருக்கிறது என்ற நபி (ஸல்) அவர்களின் போதனையை வருடக்கணக்காக மாணவர்களுக்குக் கற்பித்து வருகிறேன். கோபப்படவே அஞ்சும் பிள்ளைக்கு அடக்குவதற்கு என்ன இருக்கிறது? அவனுக்கு முதலில் குரல் வேண்டும். அடக்கம் வேறு, அச்சம் வேறு.

சகோதரிகளே, பிள்ளையைச் சேர்க்கு முன் ஒரு வகுப்பை முழுதாய் இருந்து பாருங்கள். பெற்றோரை உள்ளே விடாத இடம் வேண்டாம். சிறுவர்களை ஒருவரோடொருவர் மோதவிட்டு வேடிக்கை பார்க்கும் இடமும் வேண்டாம். முகத்தில் அடிப்பதை மார்க்கமே தடுத்திருக்கிறது. குர்ஆன் மத்ரஸாவுக்கும் மஃரிப் தொழுகைக்கும் இடைஞ்சலில்லாத நேரமா என்று பாருங்கள். வெள்ளை உடுப்பை உடனே வாங்க வேண்டியதில்லை. பிள்ளை தொடர்ந்து போகிறதா என்று பார்த்து வாங்கலாம்.

மூன்றாம் வாரம் மகன் பாடசாலையிலிருந்து வந்து, "வாப்பா, இண்டைக்கு அவன் பென்சிலை எடுக்க வந்தான். எடுக்காத எண்டு சத்தமாச் சொன்னன்" என்றான்.

"அடிச்சியா?" என்று தாய் பதறினாள்.

"இல்ல உம்மா. அவன் வெச்சிட்டுப் போயிட்டான்."

அல்ஹம்துலில்லாஹ். தங்கச்சிக்கும் இன்றுவரை ஓர் அடி விழவில்லை.