அரை மணி நேரம்

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம் அல்லவா, தோழியரே? அந்தச் சூத்திரத்தை நம்பி நான் என் அம்மாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

சென்ற அரையாண்டு விடுமுறையில் ஒரு நாள் நண்பகல் பன்னிரண்டு மணிக்குச் சென்னையிலிருந்து மாமா தொலைபேசியில் பேசினார். அவர் வீட்டிலிருந்த அப்புச்சிக்கு நெஞ்சுவலி, மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம், உடனே வாருங்கள் என்றார். கோவையிலிருந்து சென்னைக்கு ரயிலில் 495 கிலோமீட்டர். 2023 ஏப்ரலில் தொடங்கிய வந்தே பாரத் ரயில் அதை ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் கடந்துவிடும். ஆனால் அது காலையிலேயே போய்விட்டது. உரம் வாங்க வைத்திருந்த வாழைத்தார்ப் பணத்தை எடுத்து அப்பா எங்கள் இருவருக்கும் மாலை விமானத்தில் டிக்கெட் வாங்கினார்.

அம்மா அழுதுகொண்டே இருந்தார்கள். நான் தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஆகாய வழியில் சுமார் 400 கிலோமீட்டர். விமானத்தின் வேகம் மணிக்கு 800 கிலோமீட்டர். "அழாதீங்கம்மா, அரை மணி நேரத்துல போயிடலாம்" என்றேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இரண்டு மணிக்கு அன்னூரை விட்டுப் புறப்பட்டோம். சத்தி சாலையில் கோவில்பாளையம், சரவணம்பட்டி வழியாகப் பீளமேடு போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. 1940இல் தொடங்கிய விமான நிலையம் அது. அப்புச்சி எத்தனையோ முறை அந்த வழியே போயிருக்கிறார். ஒருநாளும் விமானத்தில் ஏறியதில்லை. அங்கே சோதனை, வரிசை, காத்திருப்பு. டிக்கெட்டைப் பார்த்தேன். பயண நேரம் ஒரு மணி பத்து நிமிடம் என்று இருந்தது! அம்மா அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார்கள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிக வேதனையாக இருந்தது.

மீனம்பாக்கத்தில் இறங்கிப் போக்குவரத்து நெரிசலில் ஊர்ந்து மருத்துவமனையை அடைந்தபோது மணி ஏழேகால். வீட்டு வாசலிலிருந்து ஐந்தேகால் மணி நேரம்!

என் கணக்கில் எங்கே பிழை? பள்ளி திறந்ததும் அறிவியல் ஆசிரியையிடம் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். விமானம் நிற்குமிடத்திலிருந்து நகரத் தொடங்கியது முதல், சேருமிடத்தில் வந்து நிற்பது வரை பயண நேரமாகும். ஓடுபாதை வரை அது மெதுவாகத்தான் உருளும். மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. காற்றை எதிர்த்து இறங்க வேண்டியிருப்பதால் சில சமயம் சுற்றிக்கொண்டும் வர வேண்டும். முழு வேகத்தில் பறப்பது நடுவே கொஞ்ச நேரம்தான்.

அன்று அப்புச்சியைப் பார்க்க உள்ளே போனோம். அரை மணி நேரம் மட்டும் இருக்கலாம் என்றார் நர்ஸ். அப்புச்சி கண் விழித்து, "அதுக்குள்ள வந்துட்டியா சாமி?" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மத்தியானம் செய்தி போய், அன்றைக்கே மகள் வந்து நின்றது அவருக்கு அதிசயமாக இருந்தது. எங்களுக்கு நீண்டதாகத் தோன்றிய பயணம் அவருக்குக் குறுகியதாகத் தோன்றிவிட்டது. இருவரும் அம்மாயியைப் பற்றியும், ஊர்க் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்பது பற்றியும் பேசினார்கள். நான்காம் நாள் அப்புச்சி காலமானார்.

ஊர் திரும்பும்போது நான் அம்மாவிடம், "அரை மணி நேரம்னு பொய் சொல்லிட்டேனம்மா" என்றேன். "பொய்யில்ல கண்ணு. அவரோட பேசக் கிடைச்சது அந்த அரை மணி நேரந்தானே" என்றார்கள் அம்மா.

இப்போதெல்லாம் நான் கணக்கைத் தாளில் போட்டாலும், புறப்படுவதை மட்டும் தள்ளிப்போடுவதில்லை.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு