கல் தரையும் புல் தரையும்

மனையைச் சுற்றியுள்ள மண் கண்ணிற் படாதவாறு கல்லும் சிமிண்டும் இட்டு மூடிவிடுதலே துப்புரவு என்று எண்ணுவோர் இக்காலத்துப் பலராவர். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் மாறிய வரலாற்றை என்னோடு பயிலும் நண்பர்கட்கு உரைத்தல் பயனுடைத்தாகும் எனக் கருதி இதனை எழுதலானேன்.

எங்கள் இல்லம் தாம்பரத்தை அடுத்த ஓர் ஊரில் உள்ளது. இல்லத்தின் பின்புறத்தே முப்பதடி நீளமும் இருபதடி அகலமும் உள்ள முற்றம் ஒன்றும், அதன் கோடியில் ஒரு கிணறும் உண்டு. 2011 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து அடைமழையில், நீர் முகக்கச் சென்ற எம் அன்னையார் சேற்றில் வழுக்கி வீழ்ந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். யான் அப்பொழுது ஆறு வயதுச் சிறுவன். அன்னையாரின் கை கூடுமுன்னரே எந்தையார் மெருகிடாத கடப்பைக் கற்கள் நூற்றைம்பதை வருவித்து, ஒரு கொத்தனாரைத் துணைக்கொண்டு, தாமும் சிற்றாளாய் நின்று, முற்றம் முழுவதையும் தளமாக்கினார். அதன் பின்னர் எங்கள் வீட்டில் எவரும் வழுக்கி விழுந்ததில்லை.

ஆயினும் அத்தளத்திற்கு வேறொரு குணமும் இருந்தது. சித்திரை வைகாசித் திங்களில் பகலெல்லாம் வெயிலை உண்ட கல், இரவெல்லாம் அதனை உமிழ்ந்தது. பின்கட்டுச் சாளரத்தைத் திறந்தால் அடுப்பங்கரையின் அனல்போல் காற்று வீசும். 2015 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாளிலும் இரவிலும் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அறுநூறு சதுர அடியே உள்ள எம் முற்றத்தின்மேல் மட்டும் அன்று வீழ்ந்த நீர் 27,000 லிட்டருக்கு மேற்படும் என்று பிற்காலத்துக் கணக்கிட்டறிந்தேன். அந்நீரனைத்தும் கற்களின்மீது உருண்டோடித் தெருவை அடைந்து, தெருவெள்ளத்தோடு கலந்து, முன்வாயில் வழியாக எங்கள் வீட்டிற்கே திரும்பி வந்தது. நான்காண்டு கழித்து, 2019 ஆம் ஆண்டுக் கோடையில், சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டபொழுது எங்கள் கிணறும் அடி தெரிய வறண்டது. வேண்டாத காலத்து வீட்டினுள் புகுந்த நீர், வேண்டிய காலத்துக் கிணற்றினுள் இல்லை.

நிற்க. 2021 ஆம் ஆண்டில் எந்தையார் இறைவனடி சேர்ந்தார். யான் கல்லூரியிற் சேர்ந்து தாவரவியல் பயிலத் தொடங்கிய பின், மண்ணும் வேரும் நீரும் தம்முள் கொண்டுள்ள உறவை ஒருவாறு உணர்ந்தேன். 2024 ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், கற்களைப் பெயர்த்துவிட்டுப் புல் வளர்க்க விரும்புகின்றேன் என்று அன்னையாரிடம் கூறினேன். அவர் நெடுநேரம் வாளா இருந்தார். பின்பு, "உன் அப்பா எனக்காகப் போட்ட கல் இது, நீ யாருக்காக எடுக்கப் போகிறாய்?" என்றார். கிணறு, வெப்பம், வேர் என்று யான் கற்றவையெல்லாம் அவ்வொரு வினாவின் முன் நாவில் எழவில்லை.

ஒரு வாரம் கழித்து அவரே பேச்சைத் தொடங்கினார். "நான் நடக்கிற வழியை மட்டும் விட்டுவிடு" என்றார். அதற்கிணங்க, கொல்லைக் கதவிலிருந்து கிணற்றடி வரைக்கும் இரண்டு கல் அகலமுள்ள ஒரு பாதையை வைத்துக்கொண்டு, ஏனையவற்றை நீக்குவதென முடிவாயிற்று. அங்ஙனம் நின்றவை இருபது கற்களே.

கடப்பாரையும் கையுமாய் வேலையைத் தொடங்கியபொழுதுதான் எந்தையாரின் கைத்திறன் எனக்கு விளங்கிற்று. கற்கள் யாவும் வீட்டுப் புறத்தே சற்று உயர்ந்து, தெருவுக்குச் செல்லும் சந்தை நோக்கி ஒரே சீராய்த் தாழ்ந்திருந்தன. அன்னையாரின் காலடியில் ஒரு துளி நீரும் தேங்கலாகாது என்று அவர் நூல் பிடித்து அமைத்த சரிவு அது. அச்சரிவே மழைநீரையெல்லாம் எம் மண்ணிலிருந்து துரத்தியது. அன்பினாற் செய்த செயலும் தான் எண்ணாத ஒரு விளைவைப் பயத்தல் கூடும் என்பதை அன்று அறிந்தேன். அவர்மீது குறை காண என் மனம் ஒருப்படவில்லை. அவருடைய வேலையைத் தொடர்ந்து செய்வதாகவே கருதிக்கொண்டேன்.

கல்லின் கீழிருந்த மண் பாறைபோல் இறுகிக் கிடந்தது. வேரும் மண்புழுவும் பன்னிரண்டாண்டுக்கு மேலாக அதனுள் நுழையவில்லை. காரைத் துண்டுகளைப் பொறுக்கியெடுத்து, ஒரு சாண் ஆழத்திற்குக் கொத்திப் புரட்டி, மட்கிய சாணவெருவும் செம்மண்ணும் கலந்தேன். கோரைக் கிழங்குகளைத் தேடித் தேடிக் களைந்தேன். ஒன்று தப்பினாலும் அது மண்ணுக்குள்ளேயே சரம் சரமாய்ப் பெருகிவிடும். நீர் வீட்டுச் சுவரைச் சாராமலும், தெருவுக்கு விரைந்தோடாமலும், நடுவே சற்றுத் தங்கிச் செல்லுமாறு நிலத்தைத் திருத்தினேன். பாதைக்கென நின்ற கற்களையும் எடுத்து, சிமிண்டை நீக்கி, மணற் படுகைமேல் மீண்டும் அசையாது பதித்தேன். இப்பொழுது அவற்றின் இடுக்குகளிலும் நீர் இறங்கும்.

நாற்றுப் பண்ணையில் அழகிய அயல்நாட்டுப் புல்வகைகளைக் காட்டினார்கள். யான் அருகையே தேர்ந்தேன். அது தரைமேல் ஓடும் கொடியாலும் தரைக்குள் ஓடும் தண்டாலும் பரவி, கணுதோறும் வேர் விடும். வறட்சியில் பழுப்பேறினும் ஒரு மழைக்கு உயிர்த்தெழும். கணுக்களோடு கூடிய துண்டுகளை அரைச் சாண் இடைவெளியில் ஊன்றி, காலையும் மாலையும் நீர் தெளித்தேன். முதல் மாதம் முற்றம் சொறி பிடித்தாற்போல் காட்சியளித்தது. அண்டை வீட்டார், நல்ல கல்லைப் பெயர்த்துவிட்டுப் புழுதியை வளர்க்கின்றான் என்று நகைத்தனர். விடுமுறை முடிந்து யான் விடுதிக்குத் திரும்பினேன். அதன்பின் அரிசி களைந்த நீரையும் காய் கழுவிய நீரையும் நாள்தோறும் அதற்கு ஊற்றியவர் அன்னையாரே என்பதைப் பின்னரே அறிந்தேன்.

ஐப்பசியில் இல்லம் சென்றபொழுது தரை பசுமையால் மூடியிருந்தது. அன்றிரவே மழை பிடித்துக்கொண்டது. விளக்கை ஏந்தி வாயிற்படியில் நின்று பார்த்தேன். முன்னர்க் கல்லின்மீது சலசலத்தோடிய நீர், இப்பொழுது ஓசையின்றிப் புல்லடியில் இறங்கிக்கொண்டிருந்தது. எம் ஒரு முற்றத்தினாற் கிணறு நிறைந்தது என்று கூறின் அது பொய்யாகும். 2015 ஆம் ஆண்டிற் பெய்தது போன்ற பெருமழையை எப்புற்றரையும் முற்றும் விழுங்க இயலாது. தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டிலேயே கூரைநீரைச் சேமித்தல் கட்டிடந்தோறும் சட்டத்தாற் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் கூரைக்குக் குழாய் வைத்த நாம், நம் காலடி நிலத்தின் வாயை அடைத்தே வைத்திருக்கின்றோம். ஊரார் ஒவ்வொருவரும் ஆறடி நிலத்தையேனும் திறந்துவிடுவாராயின், அதன் பயன் ஊர்க் கிணறுகளில் ஒருநாள் தெரியாமற் போகாது.

மழை விட்ட மறுநாட் காலை, அன்னையார் குடத்தோடு கற்பாதையில் நடந்து கிணற்றடிக்குச் சென்றார். மீண்டு வருகையில் பாதி வழியில் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலை மெல்லப் புல்லின்மேல் வைத்துப் பார்த்தார். பின்பு மற்றொரு காலையும் வைத்தார். "வழுக்கவில்லை" என்று மட்டும் கூறி உள்ளே சென்றார்.