சின்னப் பெட்டிக்குள் ஒரு கிராபிக்ஸ் கார்டு



போன வாரம் என் பேரன் கம்ப்யூட்டரோடு நிற்கும் படத்தைப் போட்டதும் உங்களில் ஐந்தாறு பேர் போன் செய்துவிட்டீர்கள். "சார், எங்க வீட்டுப் பையனும் கேம் கம்ப்யூட்டர் வேணும்னு உயிரை எடுக்கிறான், என்ன வாங்கினீங்க?" என்று கேள்வி. தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே பதிவாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் உட்கார்ந்த பழக்கத்தில் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஏன் சின்னப் பெட்டி என்பதைச் சொல்ல வேண்டும். மகள் வீடு பூந்தமல்லியில். பேரனின் பள்ளிக்கூடம் அம்பத்தூரில், என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். பதினொன்றாம் வகுப்பு. ஞாயிறு மாலை வந்தால் வெள்ளி மாலை வரை என்னோடு இருப்பான். என் மனைவி காலமான பிறகு இந்த வீட்டில் கேட்கிற ஒரே சத்தம் அவன் சத்தம்தான். பெரிய கேபினெட் வாங்கினால் அது பூந்தமல்லியிலேயே இருக்கும். அப்புறம் "தாத்தா, அங்கிருந்தே பஸ்ஸில் வந்து போறேனே" என்று ஆரம்பிப்பான். அவன் வாயைத் திறந்து அப்படிச் சொல்லவில்லை. நாற்பது வருஷம் பிள்ளைகளோடு பழகியவனுக்கு அது தெரியாதா? ஆகவே பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிற மாதிரி பெட்டி வேண்டும் என்பது என் நிபந்தனை. மானிட்டரும் கீபோர்டும் இரண்டு வீட்டிலும் இருக்கிறது, பெட்டி மட்டும் பயணம் செய்தால் போதும்.

பதினேழு செ.மீ.க்குப் பதினேழு செ.மீ. அளவில் மினி ஐடிஎக்ஸ் என்று ஒரு போர்டு 2001 முதல் இருக்கிறது. அதை வைத்து அழகாகக் கட்டலாம், ஆனால் விலை ஏறும். எங்கள் கணக்கு முப்பதாயிரம். அதனால் ரிச்சி தெருவுக்குப் போனோம். அம்பத்தூரில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன் அரசினர் தோட்டம், அங்கிருந்து நடை. கம்பெனிகள் கழித்துப்போட்ட ஒல்லியான ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் அங்கே அடுக்கி வைத்திருப்பார்கள். நாங்கள் எடுத்தது சுமார் 29 செ.மீ. சதுரம், 9 செ.மீ. தடிமன், ஐந்து கிலோ. கார்டை அன்றைக்கு வாங்கவில்லை. முதலில் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேஜையில் திறந்து, ஸ்கேல் எடுத்தோம்.

பார்க்க வேண்டியது நான்கு.

முதலாவது உயரம். இந்த மாதிரிப் பெட்டியில் சாதாரண கார்டு நிற்கவே நிற்காது. சுமார் 7 செ.மீ. உயரமுள்ள லோ புரொஃபைல் கார்டு வேண்டும். அதோடு குட்டை பிராக்கெட்டும் டப்பாவுக்குள் இருக்கிறதா என்று கடையிலேயே பிரித்துப் பாருங்கள்.

இரண்டாவது நீளமும் தடிமனும். எங்களுக்குக் கிடைத்த காலியிடம் இருபதரை செ.மீ. லோ புரொஃபைல் கார்டுகள் 17, 18 செ.மீ. அளவில் கிடைக்கின்றன. பெரும்பாலும் இரண்டு ஸ்லாட் தடிமன், அதாவது ஏறக்குறைய 4 செ.மீ. சில பழைய பெட்டிகளில் நீளமான ஸ்லாட் எஸ்எம்பிஎஸ்ஸை ஒட்டியே இருக்கும். அதில் ஒரு ஸ்லாட் கார்டு மட்டும்தான் போகும். பெட்டி வாங்கும்போதே மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது கரண்ட். இதுதான் முக்கியம். கார்டு செருகுகிற ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்தான் கொடுக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர் வர வேண்டும். ஆபீஸ் பெட்டிகளில் பெரும்பாலும் அந்த வயரே இருக்காது. பேரன் ஆசைப்பட்டது ஆர்டிஎக்ஸ் 4060. அதிலும் லோ புரொஃபைல் உண்டு, 18 செ.மீ.தான், உள்ளே உட்காரும். ஆனால் 115 வாட் கேட்கும், தனி வயரும் கேட்கும். அளவு சின்னது என்பதற்காகப் பசியும் சின்னதாக இருக்க வேண்டுமா என்ன?

நாங்கள் எடுத்தது ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி. 2024 தொடக்கத்தில் வந்தது, 70 வாட், தனி வயர் வேண்டாம். இதே 3050 என்ற பெயரில் 8 ஜிபி கார்டும் இருக்கிறது. அது 130 வாட், வயர் கட்டாயம். பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் எதைக் கொடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. எங்கள் எஸ்எம்பிஎஸ் 240 வாட். கார்டு 70, பிராசசர் 65, மற்றதெல்லாம் ஒரு 30. கூட்டினால் 165. தாராளம். இந்தக் கூட்டலைப் பேரனைத்தான் போடச் சொன்னேன். 4060 ஏன் வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, தாளைப் பார்த்து அவனே தலையாட்டினான்.

இதைவிடக் குறைவாக 53 வாட்டில் ஆர்எக்ஸ் 6400 இருக்கிறது. 4 ஜிபி. புதிய போர்டுக்குப் பரவாயில்லை. அது நான்கு லேன்களில் மட்டும் பேசுகிற கார்டு. பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3 போர்டில் போட்டால் பாதை பாதி வேகமாகிவிடும். நம்மைப் போலப் பழைய பெட்டி வாங்குகிறவர்களுக்கு அது ஒத்துவராது.

நான்காவது சூடு. கார்டு எடுக்கிற 70 வாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். பழைய 60 வாட் குண்டு பல்பைத் தொட்டு விரல் சுட்டுக்கொண்ட தலைமுறை நாம். அதைவிடக் கொஞ்சம் அதிகமான சூட்டை ஒரு டிபன் கேரியர் அளவு இடத்தில் அடைத்துவைக்கிறோம். நம் சித்திரை வெயிலில் அறையே கொதிக்கும். பெட்டியை டிவி அலமாரிக்குள் திணிக்காதீர்கள். நாலு பக்கமும் ஒரு சாண் இடம் விடுங்கள். பூந்தமல்லி சாலைத் தூசியைக் கேட்கவே வேண்டாம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷால் தட்டுங்கள். பஸ்ஸில் போகிற பெட்டி என்றால் கார்டின் திருகு இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழைய கார்டு பாதி விலைக்குக் கிடைக்கும்தான். பழைய பெட்டி வாங்கலாம், கார்டு மட்டும் புதிதாக, ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும். வாரண்டிக்கு அதுதான் சாட்சி.

"பதினொன்றாம் வகுப்பில் கேம் தேவையாப்பா?" என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. இரவு எட்டரை முதல் ஒன்பதரை வரை என்று பேசி வைத்திருக்கிறோம். ஒன்பதரைக்கு அவனே நிறுத்துகிறான். சில நாள் பத்து நிமிஷம் கூடப் போகும். நான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவன் கால்பந்து ஆடுவதைப் பார்க்கிறேன். எந்த அணி நம்முடையது என்று தினமும் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.

வாங்கப் போகிறவர்கள் கார்டு பெயரை எனக்கு அனுப்ப வேண்டாம். உள்ளே இருக்கும் காலியிடத்தின் நீளம், ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் எவ்வளவு இடம், எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட், இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். பேரனும் நானும் உட்கார்ந்து பதில் போடுகிறோம். ஞாயிறு முதல் வெள்ளி வரை கேட்டால் சீக்கிரம் பதில் வரும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய பிசிக்ஸ் வாத்தியார்,
அம்பத்தூர்.