மதுரையில் எங்கே இறங்குவது?

மதுரைக்குப் புறப்படுவதென்று தீர்மானமானதும், எந்த ஹோட்டலில் தங்குவது என்பதில் எங்கள் வீட்டில் பெரிய சர்ச்சை கிளம்பிற்று. மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி விடுதியொன்றை ஒரு நண்பர் "சுவர்க்கம்" என்றார். மற்றொருவர் "மூட்டைப் பூச்சிகளின் ராஜ்யம்" என்றார். வைகையின் வடகரையிலுள்ள விசாலமான ஹோட்டல்களே மனிதர் தங்கத் தக்கவை என்று மூன்றாமவர் சாதித்தார்.

எங்களுடன் வருபவரோ முழங்கால் வலியுள்ள தாயார். இரவில் சொக்கநாதர் பல்லக்கேறி மீனாட்சியின் பள்ளியறைக்கு எழுந்தருளும் காட்சியைக் காண வேண்டுமென்பது அவருடைய நெடுநாள் ஆசை. நடுப்பகலில் கோயில் நடை சாத்திவிடுவார்கள். ஆகையால் தினம் இரு தடவை போய்வந்தாக வேண்டும். ரயிலடிக்கும் மேலக் கோபுரத்துக்கும் நடுவிலிருக்கும் அந்த வீதியையே தேர்ந்தெடுத்தோம்.

அறை சிறியதுதான். ஆட்டோக்களின் கூச்சல் நள்ளிரவுவரை ஓயவில்லை. மூட்டைப் பூச்சி மட்டும் ஒன்றுகூட அகப்படவில்லை! (நண்பர் அங்கே தங்கியது பதினைந்து வருஷத்துக்கு முன்பாம்.) மொட்டை மாடியில் ஏறினால், சுமார் 170 அடி உயரத் தெற்குக் கோபுரம் கண்முன் நிற்கிறது.

அன்றிரவு பள்ளியறைப் பூஜை முடிந்து, ஆட்டோ வேண்டாமென்று சொல்லி, தாயார் எங்கள் தோளைப் பற்றிக்கொண்டு மெள்ள நடந்தே விடுதிக்குத் திரும்பினார்.