தோற்கும் அணியின் இருபது வயதுகள்

மே மாத நடுவில் பெரியகுளத்துக்கு இரண்டு வரத்துகள் உண்டு. ஒன்று, மலையடிவாரத் தோப்புகளிலிருந்து லாரி லாரியாக இறங்கும் மாங்காய். மற்றொன்று, சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்கு வந்து சேரும் அணிகள். பி.டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவுச் சுழற்கோப்பைக்கான இப்போட்டி அறுபது முறைக்கு மேல் நடந்துவிட்டது. கடற்படையும் விமானப்படையும் ராணுவமும், வங்கிகளும் ரயில்வேயும், கேரள மின்வாரியமும் ஆடிய ஊர் இது. மாவட்டத் தலைநகர்கூட அல்லாத ஒரு சிறு நகரில், மின்னொளியில் நடக்கும் கூடைப்பந்தாட்டத்துக்குப் போடியிலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால்தான், கிரிக்கெட்டுக்கு அப்பாலும் ஒரு விளையாட்டு ரசனை நம் மண்ணில் வேர்விட்டிருப்பது விளங்கும்.

ரசனை என்றால் அதில் பாதி சச்சரவுதான். நாங்கள் ஏழெட்டுப் பேர். மாந்தோப்புக்காரர் ஒருவர், கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர் ஒருவர், வடுகபட்டியில் பூண்டு வியாபாரம் செய்பவர், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், வங்கியில் எழுத்தராக இருப்பவர், கல்லூரி முடிக்காத இரண்டு இளைஞர்கள். ஆண்டில் ஒரு வாரம் மட்டும் ஒரே வரிசையில் அமர்வோம். கடந்த சில ஆண்டுகளாக எங்கள் சச்சரவு முழுவதும் ஒரே அணியைப் பற்றியதாக இருக்கிறது.

அது சென்னையிலிருந்து வரும் ஒரு நிறுவன அணி. பெயர் வேண்டாம். ஒரு காலத்தில் அந்த அணியின் சட்டை நிறத்தைக் கண்டாலே எதிரணி பாதி தோற்றுவிடும் என்பார்கள். இப்போது அது லீக் சுற்றைத் தாண்டுவதே அரிதாக இருக்கிறது. பழைய ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக ஓய்ந்தபின் அந்த இடங்களில் கல்லூரியை விட்டு வந்த பையன்கள் நிற்கிறார்கள். பெரும்பாலோர் இருபது, இருபத்திரண்டு வயதினர். வேகமாக ஓடுகிறார்கள், உயரமாகத் தாவுகிறார்கள், முதல் மூன்று கால்பகுதிகளில் முன்னிலையும் பெறுகிறார்கள். நான்காவதில் எங்கிருந்தோ ஒரு நடுக்கம் வந்துவிடுகிறது. ஆறு புள்ளி முன்னிலையோடு கடைசி இரண்டு நிமிடத்துக்குள் நுழைந்து, நான்கு புள்ளி வித்தியாசத்தில் தோற்று வெளியேறிய ஆட்டம் ஒன்றுக்குப் பின்னர்தான் எங்கள் வரிசை இரண்டாகப் பிளந்தது.

பந்தைக் கொண்டுசெல்லும் பாயிண்ட் கார்டு, ஏழாம் எண் சட்டைக்காரன், உத்தமபாளையம் பக்கத்துப் பையன். எங்கள் பள்ளத்தாக்கின் பிள்ளை என்பதால் அவன்மேல் கைத்தட்டலும் அதிகம், ஏச்சும் அதிகம். அன்றைக்கு இரண்டு முறை பந்தைப் பறிகொடுத்தவன் அவன்தான்.

“இந்தப் பயலுகளுக்கு நாள் குடுக்கணும்யா” என்றார் மாந்தோப்புக்காரர். “ஒட்டுக் கன்னு வச்சா மொத மூணு வருசம் பூ வந்தாலும் கிள்ளித்தான் போடணும். அப்பவே காய்க்க விட்டா மரம் தேறாது.”

கம்பத்துக்காரர் ஒப்பவில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர்த் திராட்சையில் பிழைப்பவர் அவர். “ஒங்க மாமரக் கணக்கெல்லாம் இதுக்கு ஆகாதுண்ணே. கொடியில பழைய குச்சியில கொலை வராது. கவாத்துப் பண்ணினா புதுத் துளிர்லதான் வரும். அதுவும் நூத்திருவது நாள்ல தெரிஞ்சு போகும். ரெண்டு கவாத்துக்கும் கொலை வைக்கலைன்னா அந்தக் கொடியப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க முடியுமா?”

இருவரும் அவரவர் தோட்டத்தைத்தான் ஆட்டக்களத்தில் பார்க்கிறார்கள் என்று பூண்டு வியாபாரி சிரித்தார். ஆனால் அந்த இரண்டு வாதங்களையும் தாண்டி உலகில் எந்த ரசிகர் கூட்டமும் அதிகம் போனதில்லை என்றே தோன்றுகிறது. தோற்கும் இளம் அணி ஒன்றைப் பார்க்கையில், இது வளர்ச்சியின் வலியா, வளராமையின் அடையாளமா என்ற கேள்விக்கு அன்றைய ஆட்டத்தில் விடை இருப்பதில்லை. காலத்துக்குத்தான் அது தெரியும்.

உடற்கல்வி ஆசிரியர் மூன்றாவதாக ஒன்று சொன்னார். கூடைப்பந்து அவர் கண்ணெதிரிலேயே இரண்டு மூன்று முறை பிறவி மாறிய விளையாட்டு. சர்வதேச விதிகளில் மூன்று புள்ளிக் கோடு வந்தது 1984இல். அதுவரை நெடுந்தூர எறிதலுக்கும் கூடைக்கடியில் போடுவதற்கும் ஒரே மதிப்பு. 2000இல் இருபது நிமிடப் பாதிகள் இரண்டும் பத்து நிமிடக் கால்பகுதிகள் நான்காக மாறின. கூடையை நோக்கி எறிய ஓர் அணிக்கு இருந்த 30 விநாடி 24 ஆகக் குறைந்தது. 2010இல் மூன்று புள்ளிக் கோடு 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்கு நகர்ந்தது. ஆறு விநாடி குறைந்ததில் என்ன போயிற்று என்று கேட்போருக்கு அவர் விடை வைத்திருக்கிறார்: போனது நிதானம். பழைய ஆட்டத்தில் முன்னிலையில் இருக்கும் அணி பந்தைக் கைமாற்றிக்கொண்டே நேரத்தைத் தின்னலாம். இப்போது அப்படியில்லை. நான்கு புள்ளி முன்னிலை என்பது இரண்டு நெடுந்தூர எறிதலில் கரைந்துபோகும். எனவே கடைசி இரண்டு நிமிடத்தில் “பொறு” என்று சொல்ல ஒரு குரல் களத்தில் வேண்டும். கடற்படை அணியில் முப்பதைக் கடந்த ஒரு கார்டு அன்றைக்கு அதைத்தான் செய்தார். ஓடவேயில்லை, நடந்தே ஆட்டத்தை எடுத்துப் போனார். “பயலுக மேல தப்பில்ல. அவங்களுக்குப் பக்கத்துல ஒரு மூத்தவன நிறுத்தாம விட்டாங்கல்ல, அதுதான் தப்பு” என்றார் வாத்தியார்.

எங்கள் இளைஞர்கள் இருவரும் விடியற்காலையில் எழுந்து என்பிஏ பார்ப்பவர்கள். அவர்கள் ஃபிலடெல்ஃபியாவைக் கொண்டுவந்தார்கள். 2013இல் அந்த நகரின் செவன்ட்டிசிக்ஸர்ஸ் அணிக்கு மேலாளராக வந்த சாம் ஹிங்கி, பேர் பெற்ற ஆட்டக்காரர்களை விற்றுவிட்டு இளைஞர்களை மட்டும் வைத்துக்கொண்டார். மூன்று பருவங்களில் 82 ஆட்டங்களுக்கு முறையே 19, 18, 10 வெற்றிகள். இது தோல்வியல்ல, திட்டம் என்றார்கள். அந்த நாட்டில் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’ முறையில், கீழே கிடக்கும் அணிக்கே முதல் தேர்வு கிடைக்கும் வாய்ப்பு அதிகம். எனவே தோல்வியே முதலீடு. ரசிகர்கள் ‘செய்முறையை நம்பு’ என்று அரங்கில் கோஷமிட்டார்கள். ஹிங்கி 2016இல் விலகினார். 2014இல் மூன்றாவதாகத் தேர்வான ஜோயெல் எம்பீட் காயத்தால் முதல் இரு பருவங்கள் ஆடவேயில்லை. பின்னர் 2022-23இல் அவரே லீக்கின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார். அணிக்குக் கோப்பை மட்டும் வரவில்லை. இதைச் சொல்லி முடித்த பையன், “நம்மாளுகளுக்கும் அந்த மாதிரி அஞ்சு வருசம் குடுத்துப் பாக்கலாம்ல சார்?” என்று கேட்டான்.

அதுவரை வாய் திறக்காமலிருந்த வங்கி எழுத்தர் அப்போதுதான் பேசினார். “தம்பி, அங்க தோத்தா நல்ல ஆள் வருவான். இங்க தோத்தா இருக்கற ஆளும் போயிருவான்.”

எங்கள் சச்சரவின் திசையையே இந்த ஒரு வாக்கியம் மாற்றிவிட்டது. அதை நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் கூடைப்பந்தைப் பிழைப்பாகக் கொள்ள நெடுங்காலம் ஒரே வழிதான் இருந்தது: வேலை. ரயில்வே, காவல்துறை, பாதுகாப்புப் படைகள், பொதுத்துறை வங்கிகள், மின்வாரியங்கள் ஆகியவை ஆட்டக்காரனை ஊழியனாக எடுத்துக்கொண்டன. காலையில் பயிற்சி, பிறகு அலுவலகம், போட்டிக் காலத்தில் விடுப்பு. இந்த ஏற்பாட்டைக் குறை சொல்வது எளிது. ஆனால் நம் ஊர்ப் பையன்களுக்கு இதைவிடக் கருணையான ஏற்பாட்டை யாரும் செய்து தரவில்லை. முழங்கால் போனாலும் சம்பளம் போகாது. எத்தனையோ குடும்பங்கள் ஒரு பையனின் கையெறி திறனால் ஓட்டு வீட்டிலிருந்து காரை வீட்டுக்கு மாறியிருக்கின்றன.

ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. ஆட்டக்காரன் முப்பத்தைந்தில் ஓய்கிறான். ஊழியன் அறுபதில்தான் ஓய்வு பெறுகிறான். ஆடாத ஆண்டுகளுக்கும் நிறுவனமே பொறுப்பு. ஆகவே புதிய நியமனங்கள் அரிதாகின்றன. இடைப்பட்ட காலத்தை உதவித்தொகை பெற்று ஆடும் இளைஞர்களைக் கொண்டு நிரப்பும் வழக்கம் பல அணிகளில் வந்தது. அவர்கள் அணியின் சட்டையை அணிந்திருப்பார்கள். ஊழியர் பட்டியலில் இருக்கமாட்டார்கள். நன்றாக ஆடினால் ஒருநாள் நியமனம் வரக்கூடும் என்பதே அவர்களின் ஒப்பந்தம். அணி தோற்கத் தொடங்கினால் அந்த ‘ஒருநாள்’ தள்ளிப்போகிறது. தோற்கும் அணிக்கு எதற்குப் புதிய பணியிடம் என்று எங்கோ ஒரு மேசையில் யாரோ கேட்பார்கள். கேட்பதும் நியாயமாகவே தொனிக்கும்.

மேசைகளும் இடம் மாறிக்கொண்டிருக்கின்றன. பெங்களூரிலிருந்து கூடைப்பந்துக்குப் பேர் பெற்று வந்த விஜயா வங்கி 2019 ஏப்ரல் 1 முதல் பரோடா வங்கியோடு இணைந்துவிட்டது. அடுத்த ஆண்டு அதே நாளில் பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காகச் சுருங்கின. வங்கிகளுக்கு அது நல்லதா என்று பொருளியலறிஞர்கள் சொல்லட்டும். விளையாட்டுக் கண்ணோடு பார்த்தால், ஒரு பெயர்ப்பலகை இறங்கும்போது ஒரு பையன் தட்டக்கூடிய கதவுகளில் ஒன்று குறைகிறது.

தனியார் லீக்குகள் அந்தக் கதவைத் திறக்கும் என்று நாங்கள் நம்பிய காலமும் உண்டு. 2015இல் யூபிஏ லீக் தொடங்கியபோது சென்னைக்கு ‘ஸ்லாம்’ என்ற அணி இருந்தது. 2017க்குப் பிறகு அந்த லீக்கே நடக்கவில்லை. 2022இல் இந்தியத் தேசியக் கூடைப்பந்து லீக் வந்தது. அதன் தொடர்ச்சியாக 25 வயதுக்குட்பட்டோருக்கென ஒரு தொழில்முறைப் போட்டி 2025இல் டெல்லியில் நடந்தது. ஆறு நகர, மாநில அணிகளில் ‘சென்னை ஹீட்’ ஒன்று. இருபது வயதுக்காரனுக்கு மேடை கிடைத்தது உண்மை. அங்கே அவன் ஆடுவது சில வாரங்கள். மீதி மாதங்களில் அவன் என்ன செய்கிறான், யார் உணவு தருகிறார்கள் என்ற கேள்விக்கு எந்த லீக்கும் விடை சொல்லிவிடவில்லை.

பெரிய அரங்கிலும் இதே கதையின் நிழல் விழுகிறது. 1975இல் ஆசியப் போட்டியில் நான்காம் இடம் பெற்ற இந்திய ஆடவர் அணி, 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஏழு ஆட்டங்களிலும் தோற்றது. 2014 ஜூலையில் வூஹானில் சீனாவை 65-58 என வென்றபோது இனி ஏறுமுகம் என்றே நினைத்தோம். 2025 ஆகஸ்டில் ஜெத்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் ஜோர்டானைக் கூடுதல் நேரம் வரை இழுத்துச் சென்றும் மூன்று ஆட்டங்களிலும் தோற்றுத் திரும்பினார்கள். ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் இது இளம் அணி, பொறுங்கள் என்று சொல்லப்படுகிறது. பொறுக்கலாம். ஆனால் பத்தாண்டுக்கு ஒருமுறை அணி மீண்டும் ‘இளம் அணி’யாகவே தொடங்குகிறதென்றால், முந்தைய இளைஞர்கள் அனுபவசாலிகள் ஆவதற்கு முன்பே எங்கே போனார்கள் என்று கேட்கவேண்டும். வாத்தியார் தேடிய அந்த மூத்தவன் வானத்திலிருந்து இறங்கமாட்டான். ஐந்தாண்டுகளுக்கு முன் இரண்டு முறை பந்தைப் பறிகொடுத்துவிட்டும் அணியில் நீடிக்க விடப்பட்ட ஒருவன்தான் இன்றைய மூத்தவன்.

இங்கேதான் மாந்தோப்புக்காரரும் கம்பத்துக்காரரும் தத்தம் கணக்கில் ஒன்றை விட்டுவிட்டார்கள். கன்று மூன்றாண்டு காய்க்காவிட்டாலும் அதற்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர் தோப்புக்காரர். கவாத்து செய்யப்பட்ட கொடிக்குப் பந்தலும் உரமும் அப்படியே இருக்கின்றன. பொறுமையோ கண்டிப்போ, செலவு தோட்டக்காரருடையது. நம் அணிகளில் மட்டும் பொறுமைக்கான செலவை அந்த இருபது வயதுப் பையனே ஏற்கிறான். அவன் வீட்டில் தாயும் தந்தையும் ஏற்கிறார்கள். அவனுக்கு ஐந்தாண்டு கொடுப்போம் என்று இருக்கையில் அமர்ந்து நாம் சொல்வது, நம்முடையதல்லாத பணத்தைத் தானம் செய்வது போன்றது.

ஆகவே எங்கள் வரிசை இப்போது வேறொன்றைப் பேசுகிறது. உதவித்தொகை கொடுத்து ஒருவனை எடுத்தால், வெற்றி தோல்வி எதுவாயினும் மூன்று பருவங்கள் அவனுக்கு உறுதி என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். மூன்றாம் ஆண்டின் முடிவில் வேலை உண்டு அல்லது இல்லை என்று சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் வேறு பிழைப்புத் தேடும் வயது அவனுக்கு மிச்சமிருக்க வேண்டும். கம்பத்துக்காரர் இதற்கு ஒப்பினார், மூன்றாம் ஆண்டு கண்டிப்பாகக் கணக்குப் பார்க்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. மாந்தோப்புக்காரருக்கு மூன்று என்ற எண்ணே போதுமானதாக இருந்தது. எழுத்தர் மட்டும், இதை யார் காதில் போய்ச் சொல்வது என்று கேட்டார். அதற்கு எங்களிடம் விடையில்லை. ஆனாலும் பல ஊர்களின் இருக்கைகளிலிருந்து ஒரே கோரிக்கை எழுந்தால் அது எங்காவது கேட்கும் என்று நம்புகிறோம்.

ஏழாம் எண் பையன் அந்தத் தோல்விக்கு அடுத்த மே மாதமும் வந்தான். முந்தைய ஆண்டைவிட மெதுவாக ஓடினான். ஓர் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, முன்னால் பாய்ந்த தன் அணிப் பையனை நோக்கி இடக்கையை உயர்த்தி நிற்கச் சொன்னான். வாத்தியார் எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த ஆட்டத்திலும் அவர்கள் தோற்றார்கள், இரண்டு புள்ளியில். அவனுக்கு வேலை உறுதியாகிவிட்டதா என்று கேட்டுவரப் பூண்டு வியாபாரியை அனுப்பினோம். இன்னும் உதவித்தொகைதான் என்று செய்தி வந்தது.